நகர ரயிலின் செயல்பாட்டை அளப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நகர ரயில் நிர்வாகம் ஒன்று தன் மாத அறிக்கையில் "நேரந்தவறாமை 99 சதவீதம்" என்று எழுதுகிறது. அதே மாதம் நடைமேடையில் நின்ற பயணியோ, ரயில் சரியாகவே வருவதில்லை என்கிறார். இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். நிர்வாகம் ரயில்களை எண்ணுகிறது, பயணி தன் நிமிடங்களை எண்ணுகிறார். இந்த இரண்டு கணக்கும் எங்கே பிரிகின்றன என்று புரிந்துகொண்டால் இந்தத் துறையில் பாதி வேலை கற்றுக்கொண்ட மாதிரி.

போக்குவரத்து படிக்கும் மாணவர், பயணிகள் சங்கத்தில் வேலை செய்பவர், செய்தியாளர், ரயில் நிறுவனத்தின் திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர் என யாரும் இதைப் பின்பற்றலாம். எக்செல் மாதிரி ஒரு விரிதாள், ஒரு நோட்டு, நொடி காட்டும் கடிகாரம் போதும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் கணக்கு முழுவதும் கைக்குள் வந்துவிடும்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

"இந்த மெட்ரோ நன்றாக ஓடுகிறதா?" என்பதை யாராலும் அளக்க முடியாது. "காலை உச்ச நேரத்தில் இந்தத் தடத்தில் பயணி எதிர்பார்த்ததைவிட எவ்வளவு கூடுதலாகக் காத்திருக்கிறார்?" என்பதை அளக்கலாம். கேள்வி இப்படிக் கூர்மையானதும் எந்தத் தரவு வேண்டும், எது வேண்டாம் என்பது தானாகவே தெரிந்துவிடும். யாருக்காக அளக்கிறோம் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள். நிதித் துறைக்குத் தேவையான எண் வேறு, பயணிக்குத் தேவையான எண் வேறு.

படி 2: அலகுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு ரயில் ஒரு கிலோமீட்டர் ஓடினால் அது ஒரு ரயில்-கிலோமீட்டர். அந்த ரயிலில் 6 பெட்டிகள் இருந்தால் 6 பெட்டி-கிலோமீட்டர். ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போனால் ஒரு பயணி-கிலோமீட்டர். 3 பெட்டி ரயிலையும் 10 பெட்டி ரயிலையும் ரயில்-கிலோமீட்டரில் ஒப்பிட்டால் முடிவு தவறாகவே வரும். அளித்த சேவையைச் சொல்லப் பெட்டி-கிலோமீட்டரும், அதில் எவ்வளவு பயன்பட்டது என்று சொல்லப் பயணி-கிலோமீட்டரும் ஏற்றவை.

பயணங்களை எண்ணும்போதும் கவனம் வேண்டும். ஒருவர் இரண்டு தடங்கள் மாறிப் போனால் அது ஒரு பயணமா, இரண்டா? அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துத் தரவுத்தளத்தில் ஒவ்வொரு முறை ஏறுவதும் தனிப் பயணமாகவே கணக்காகிறது. வாயிலில் நுழைவதை மட்டும் எண்ணும் அமைப்புகளில் அதே ஆள் ஒரு பயணம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்து "அங்கே கூட்டம் அதிகம்" என்று சொல்லிவிடக் கூடாது.

படி 3: தரவைத் திரட்டுங்கள்

முதலில் திட்டமிட்ட கால அட்டவணை வேண்டும். பல நகரங்கள் இதை ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் இலவசமாகவே வெளியிடுகின்றன. அடுத்து, ரயில்கள் உண்மையில் எப்போது ஓடின என்பது. சிக்னல் அமைப்பு ஒவ்வொரு ரயிலும் நிலையத்துக்கு வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் நொடிக்கணக்கில் பதிவு செய்கிறது. நிறுவனத்துக்குள் இருப்பவர்கள் இதைக் கேட்டு வாங்கலாம். வெளியே இருப்பவர்கள் நேரலைத் தகவலைச் சேமித்து வைக்கலாம், அதுவும் இல்லையென்றால் நடைமேடையில் நின்று குறித்துக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் நின்று குறித்ததே ஒரு தடத்தைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். அதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

பயணிகள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பது ஸ்மார்ட் கார்டு பதிவிலிருந்து கிடைக்கும். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கார்டைக் காட்டும் அமைப்பில் இது எளிது. நியூயார்க் சப்வே போல நுழையும்போது மட்டும் கட்டணம் எடுக்கும் அமைப்பில் இறங்கிய இடம் பதிவாகாது. அங்கே அதே கார்டு அடுத்த முறை எந்த நிலையத்தில் நுழைகிறது என்று பார்த்து, முந்தைய பயணம் அங்கேதான் முடிந்திருக்கும் என்று ஊகிப்பார்கள். பெரும்பாலான பயணங்களுக்கு இந்த ஊகம் நன்றாகவே ஒத்துவருகிறது.

உள்ளே போன இடமும் வெளியே வந்த இடமும் தெரிந்தால்கூட நடுவில் எந்த வழியாகப் போனார் என்பது தெரியாது. லண்டன் அண்டர்கிரவுண்ட் 2016-ன் இறுதியில் 54 நிலையங்களில் நான்கு வாரம் பயணிகளின் கைபேசி வைஃபை இணைப்புகளைக் கவனித்தபோது, கிங்ஸ் கிராஸ் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து வாட்டர்லூவுக்கு மக்கள் குறைந்தது 18 வெவ்வேறு வழிகளில் போவது தெரியவந்தது. தடங்கள் பின்னிக்கிடக்கும் நகரத்தில் எந்த ரயிலில் எத்தனை பேர் என்ற எண்ணில் எப்போதும் கொஞ்சம் ஊகம் கலந்திருக்கும்.

தரவைச் சுத்தம் செய்யும்போது இரண்டை முதலில் பாருங்கள். நள்ளிரவைத் தாண்டி ஓடும் ரயில் முந்தைய நாளின் சேவையைச் சேர்ந்தது, அதை அடுத்த நாளில் சேர்த்துவிடாதீர்கள். பணிமனைக்குக் காலியாகப் போகும் ரயில்களை நீக்கிவிடுங்கள்.

படி 4: காத்திருப்பை அளங்கள்

புதியவர்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ரயில்கள் அடிக்கடி வரும் தடத்தில், அதாவது ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒன்றோ அதைவிட நெருக்கமாகவோ வரும் தடத்தில், யாரும் அட்டவணை பார்த்து வருவதில்லை. தோன்றிய நேரத்தில் நடைமேடைக்கு வருகிறார்கள். அவர்களுக்கு எல்லாமே ரயில்களுக்கு இடையே உள்ள இடைவெளிதான். 8:05 ரயில் 8:08-க்கு வந்ததா என்பது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

5 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்று அட்டவணை சொல்வதாக வைத்துக்கொள்வோம். சரியாக அப்படியே வந்தால் சராசரிக் காத்திருப்பு அதில் பாதி, இரண்டரை நிமிடம். ஒரு நாள் அரை மணி நேரத்தில் ரயில்கள் 8, 2, 9, 1, 7, 3 நிமிட இடைவெளியில் வந்தன. மொத்தம் 30 நிமிடம், 6 ரயில். சராசரி இடைவெளி இன்னும் 5 நிமிடம்தான். ஆனால் 9 நிமிட இடைவெளியில் வந்து சேரும் ஆட்கள், 1 நிமிட இடைவெளியில் வருபவர்களைப் போல ஒன்பது மடங்கு. அதிகமான ஆட்கள் நீண்ட இடைவெளியில்தான் மாட்டுகிறார்கள்.

அதைக் கணக்கில் கொண்டுவர, ஒவ்வொரு இடைவெளியையும் அதனாலேயே பெருக்கி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதை, இடைவெளிகளின் மொத்தத்தைப் போல இரண்டு மடங்கால் வகுங்கள். இங்கே 64 + 4 + 81 + 1 + 49 + 9 = 208. அதை 60-ஆல் வகுத்தால் சுமார் 3.47 நிமிடம், அதாவது 3 நிமிடம் 28 நொடி. திட்டமிட்டதைவிட ஒவ்வொருவரும் சராசரியாக 58 நொடி கூடுதலாக நின்றிருக்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தில் அந்த நிலையத்தில் 3,000 பேர் ஏறியிருந்தால் மொத்தம் 48 மணி நேரம் வீணானது. ஒரே நிலையம், ஒரே அரை மணி நேரம்!

இப்போது அதே ரயில்களை நிர்வாகத்தின் கண்ணால் பாருங்கள். 5, 10, 15, 20, 25, 30-ஆம் நிமிடங்களில் வரவேண்டிய ரயில்கள் 8, 10, 19, 20, 27, 30-ல் வந்தன. அதிகபட்சத் தாமதம் 4 நிமிடம். "5 நிமிடத்துக்குள் வந்தால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு" என்ற விதிப்படி நேரந்தவறாமை 100 சதவீதம். அறிக்கையில் ஒரு குறையும் தெரியாது.

இந்தக் கூடுதல் காத்திருப்பைத் தனி எண்ணாகவே வெளியிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நியூயார்க்கின் போக்குவரத்து ஆணையம் 2017 செப்டம்பரில் கூடுதல் நடைமேடை நேரம், கூடுதல் ரயில் நேரம் என்ற இரண்டு அளவுகளைப் பொதுமக்களுக்கு முன் வைத்தது. பயணி இழந்த நிமிடங்களை அவை நேரடியாகவே பேசுகின்றன.

படி 5: நேரந்தவறாமையை அதற்குரிய இடத்தில் வையுங்கள்

இதனால் நேரந்தவறாமை வேண்டாத அளவு என்று ஆகிவிடாது. 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் புறநகர் ரயிலில் பயணிகள் நேரம் பார்த்துத்தான் வருகிறார்கள். அங்கே அதுதான் சரியான அளவு. அதிகாலை, நள்ளிரவுச் சேவைகளுக்கும் அப்படியே.

அதைப் பயன்படுத்தும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். எத்தனை நிமிடம் வரை "நேரத்துக்கு" என்று கணக்கு? எந்த நிலையத்தில் அளக்கிறார்கள்? ரத்தான ரயில் கணக்கில் உண்டா? கடைசி நிலையத்தில் மட்டும் அளந்தால், நடுவில் தாமதமான ரயில் கடைசியில் தாராளமாக விட்டு வைத்த நேரத்தில் ஈடுகட்டிவிடும். நடுவில் இறங்கியவர்களின் தாமதம் எங்கும் பதிவாகாது. சில நிலையங்களில் நிற்காமலே ஓடி நேரத்தைப் பிடித்த ரயிலும் நல்ல ரயிலாகத் தெரியும். ரத்தான ரயில் தாமதமாக வருவதே இல்லை என்பதால், அதை விட்டுவிட்டால் எத்தனை ரயில்களை ரத்து செய்கிறார்களோ அவ்வளவு அழகாக எண் வரும்.

படி 6: வாயிலிலிருந்து வாயில் வரை

ஸ்மார்ட் கார்டு பதிவு கையில் இருந்தால் நுழைவாயிலில் கார்டு காட்டியதிலிருந்து வெளியேறும்வரை ஆன நேரத்தைக் கணக்கிடலாம். படிக்கட்டு, நடை, காத்திருப்பு, ரயில், இணைப்பு நிலையத்தில் தடம் மாறுவது எல்லாம் அதில் அடங்கிவிடும். இயங்காமல் நிற்கும் மின்படிக்கட்டின் விளைவுகூட அதில் தெரியும்.

இங்கே சராசரியோடு நிற்காதீர்கள். ஒரு நிலைய ஜோடியை எடுத்து, ஒரு மாதத்துக் காலைப் பயணங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். சரியாக நடுவில் இருப்பது 32 நிமிடம், 20 பயணங்களில் 19 பயணங்கள் முடிந்த நேரம் 44 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 12 நிமிடம். வேலைக்கோ தேர்வுக்கோ தாமதமாகக் கூடாது என்று நினைப்பவர் ஒவ்வொரு நாளும் இந்த 12 நிமிடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். ரயிலின் வேகத்தைக் கூட்டி 2 நிமிடம் மிச்சப்படுத்துவதைவிட இந்த 12-ஐ 6 ஆக்குவது அவருக்குப் பெரிய உதவி. நிலையத்துக்குள்ளேயே கடையில் நின்றவர்களின் நேரமும் இதில் கலந்திருக்கும். அதனால் மிக நீளமான சில பயணங்களை ஒதுக்கிவிட்டுத்தான் இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும்.

படி 7: நெரிசல்

முதலில் கொள்ளளவு. ஒரு ரயிலில் 1,500 பேர், மணிக்கு 20 ரயில் என்றால் ஒரு திசையில் மணிக்கு 30,000 பேர். உண்மையில் 18 ரயில்தான் ஓடியது என்றால் 27,000. இல்லாமல்போன அந்த 3,000 இடங்கள் மற்ற ரயில்களின் நெரிசலாக மாறுகின்றன.

அந்த 1,500 எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் மேலே போகாதீர்கள். நிற்கும் இடத்தில் சதுர மீட்டருக்கு 4 பேர் என்று கணக்கிடும் நிறுவனங்கள் உண்டு, 6 பேர் என்று கணக்கிடுபவையும் உண்டு. 40 இருக்கையும் 30 சதுர மீட்டர் நிற்கும் இடமும் உள்ள பெட்டியில் முதல் கணக்குப்படி 160 பேர், இரண்டாவது கணக்குப்படி 220 பேர். அதில் 176 பேர் இருந்தால் ஒரு நிறுவனம் 110 சதவீதம் என்று கவலைப்படும், இன்னொன்று 80 சதவீதம் என்று நிம்மதியாக இருக்கும். உள்ளே நிற்பவருக்கு இரண்டும் ஒரே பெட்டிதான்.

ஜப்பானில் நெரிசல் விகிதத்துக்கு மக்களுக்குப் புரியும் விளக்கம் நீண்ட காலமாகவே இருந்துவருகிறது. பல ஆண்டுகள் புழங்கியது இது: 150 சதவீதம் என்றால் செய்தித்தாளை விரித்துப் படிக்கலாம். 180-ல் மடித்துப் படிக்கலாம். 200-ல் உடல்கள் உரசி அழுத்தம் தெரியும். 250-ல் ரயில் ஆடும்போது கையைக்கூட அசைக்க முடியாது. உங்கள் அறிக்கையிலும் சதவீதத்தோடு இப்படி ஒரு விளக்கம் வையுங்கள்.

சராசரியில் இங்கேயும் அதே பிரச்சினை. இரண்டு ரயில்கள், ஒன்றில் 1,000 பேர், மற்றதில் 200 பேர். ரயிலுக்குச் சராசரி 600. ஆனால் 1,200 பயணிகளில் 1,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு பயணியிடமும் "உங்கள் ரயிலில் எத்தனை பேர்?" என்று கேட்டு அந்தப் பதில்களுக்குச் சராசரி எடுத்தால் சுமார் 867 வரும். அதைத்தான் நான் நெரிசல் என்பேன். நாள் முழுவதற்கும், இரு திசைக்கும் சேர்த்து எடுக்கும் சராசரி இன்னும் மோசம். மாலையில் எதிர்த்திசையில் காலியாகப் போகும் ரயில்கள் எண்ணை இறக்கிவிடும். அதிகக் கூட்டமுள்ள இரு நிலையங்களுக்கு இடையிலான பகுதியை, உச்ச நேரத்தின் 15 நிமிடத் துண்டுகளாகப் பாருங்கள்.

புதிய ரயில்களில் பெட்டியின் எடையை உணரும் கருவி இருக்கிறது, அதிலிருந்து ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்கிடலாம். அது கிடைக்காவிட்டால் கண்ணால் தரம் பிரியுங்கள்: இருக்கை காலி, இருக்கை நிறைந்து சிலர் நிற்கிறார்கள், நிற்க வசதி இருக்கிறது, உரசி நிற்கிறார்கள், ஏற முடியாமல் சிலர் விடுபட்டார்கள். அந்தக் கடைசி வகையைத் தவறாமல் எண்ணுங்கள். ஏற முடியாமல் நின்றவர்களை ரயிலின் எடைக் கருவி காட்டாது. அவர்கள் அடுத்த ரயிலின் பயணிகளாக மட்டுமே பதிவாகிறார்கள்.

கூடவே ரயில் நிலையத்தில் எத்தனை நொடி நிற்கிறது என்பதையும் குறியுங்கள். லண்டனின் விக்டோரியா தடத்தில் 2017 முதல் உச்ச நேரத்தில் மணிக்கு 36 ரயில்கள், அதாவது 100 நொடிக்கு ஒன்று. அப்படிப்பட்ட தடத்தில் ஒரு கதவு மூட 20 நொடி தாமதமானாலே பின்னால் வரும் ரயில் சுரங்கத்தில் நிற்கும். ஏறி இறங்கும் நேரம் நீள்வது பல தடங்களில் தாமதத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்று.

படி 8: பழுதும் தடங்கலும்

ஓடிய மொத்த ரயில்-கிலோமீட்டரைத் தாமதம் ஏற்படுத்திய பழுதுகளின் எண்ணிக்கையால் வகுப்பது வழக்கம். சிங்கப்பூரில் 5 நிமிடத்துக்கு மேல் தாமதம் ஏற்படுத்தியவற்றை இப்படி எண்ணுகிறார்கள். 2011 டிசம்பரின் பெரிய தடங்கல்களுக்குப் பின் அங்கே பராமரிப்பில் நிறையப் பணமும் உழைப்பும் போட்டார்கள். 2019-ல் இந்த எண் 10 லட்சம் ரயில்-கிலோமீட்டரைத் தாண்டியது. ஒரே நிறுவனம் வருடாவருடம் முன்னேறுகிறதா என்று பார்க்க இது நல்ல அளவு.

ஆனால் எல்லாப் பழுதும் இதில் "ஒன்று"தான். இரவில் 300 பேரைத் தலா 10 நிமிடம் நிறுத்திய பழுதில் வீணானது 50 மணி நேரம். காலையில் 15,000 பேரைத் தலா 25 நிமிடம் தாமதப்படுத்தியதில் 6,250 மணி நேரம். நூற்றிருபத்தைந்து மடங்கு வித்தியாசம். லண்டனில் தடங்கல்களை "இழந்த பயணி-மணிநேரம்" என்ற கணக்கில் பதிவு செய்வது இதற்காகத்தான். உங்கள் பட்டியலிலும் ஒவ்வொரு தடங்கலுக்கும் எதிரே பாதிக்கப்பட்டவர்கள், கூடுதல் நிமிடம், காரணம் என்று மூன்று நெடுவரிசைகள் போடுங்கள். பிறகு பயணி-மணிநேரப்படி அடுக்குங்கள். எதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்று அந்தப் பட்டியலே சொல்லும். அடிக்கடி நடப்பது ஒன்றாகவும், அதிக நேரத்தை விழுங்குவது வேறொன்றாகவும் இருக்கும்.

படி 9: செலவு, ஊழியர், மின்சாரம்

இவற்றுக்கு அடிப்படை எளிது: ஒரு பெட்டி-கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவு, எத்தனை ஊழியர்-மணிநேரம், எத்தனை யூனிட் மின்சாரம். பிறகு அதையே ஒரு பயணி-கிலோமீட்டருக்குப் பாருங்கள். சுத்தம், பாதுகாப்பு, பராமரிப்பு ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடம் விட்ட நிறுவனத்தில் ஊழியர் எண்ணிக்கை குறைவாகத் தெரியும், அதனால் ஒப்பந்த ஊழியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டண வருமானம் இயக்கச் செலவில் எத்தனை சதவீதம் என்ற எண்ணை எல்லோரும் கேட்பார்கள். தேய்மானமும் கடன் வட்டியும் செலவில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹாங்காங்கின் எம்டிஆர் நிறுவனம் நிலையங்களின் மேலேயும் பக்கத்திலும் கட்டடங்கள் கட்டி வருமானம் ஈட்டுகிறது. அந்த வரவைக் கட்டணத்தோடு கலந்து இன்னொரு நகரத்தோடு ஒப்பிடக் கூடாது. குறைந்த கட்டணம் என்பது அந்த நகரம் தெரிந்தே எடுத்த முடிவாகவும் இருக்கலாம், அதனால் இந்த ஒரு எண்ணை வைத்து "திறமையில்லாத நிறுவனம்" என்று தீர்ப்பு சொல்வது நியாயமில்லை.

படி 10: பாதுகாப்பும் எல்லோருக்குமான வசதியும்

மெட்ரோவில் உயிரிழப்புகள் அரிது என்பதால் ஒரு வருட எண்ணை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஐந்து வருடம் சேர்த்து, பயணங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். விபத்தையும் தற்கொலையையும் தனித்தனியாக வையுங்கள், இரண்டையும் தடுக்கும் வழிகள் வேறு. சிவப்பு சிக்னலைத் தாண்டிய ரயில், திறந்த கதவோடு நகர்ந்த ரயில் போன்ற ஆபத்துக்கு முந்தைய நிகழ்வுகள் அதிகம் நடக்கும் என்பதால் போக்கை முன்கூட்டியே காட்டும்.

லிஃப்ட் 97 சதவீத நேரம் இயங்கியது என்ற எண்ணைக் கண்டால் நின்றுவிடுங்கள். சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஏறும் நிலையம், மாறும் நிலையம், இறங்கும் நிலையம் எல்லாவற்றிலும் லிஃப்ட் இயங்க வேண்டும். வழியில் 4 லிஃப்ட் என்றால், ஒன்றின் பழுது மற்றொன்றைப் பொறுத்ததில்லை என்று கொண்டால், அவர் பயணம் முழுமையாக நடக்கும் வாய்ப்பு சுமார் 88.5 சதவீதம். எட்டு ஒன்பது பயணங்களில் ஒருமுறை எங்கோ மாட்டிக்கொள்வார். இதை நிலைய வாரியாக அளக்காமல் வழி வாரியாக அளக்க வேண்டும்.

படி 11: மற்ற நகரங்களோடு ஒப்பிடுவது

1994-ல் ஹாங்காங், லண்டன், நியூயார்க், பாரிஸ், பெர்லின் மெட்ரோக்கள் சேர்ந்து கோமெட் என்ற ஒப்பீட்டுக் குழுவைத் தொடங்கின. பிறகு சிறிய மெட்ரோக்களுக்கு நோவா என்ற குழு வந்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வாளர்கள் இதை நடத்திவந்தார்கள். உறுப்பினர்களின் எண்கள் குழுவுக்குள் ரகசியமாக இருந்ததால் தங்கள் பலவீனங்களை அவர்களால் தைரியமாகப் பகிர்ந்துகொள்ள முடிந்தது. அங்கேயும் அதிக உழைப்பு தேவைப்பட்டது வரையறைகளை ஒன்றாக்குவதற்குத்தான்.

நீங்கள் ஒப்பிடும்போது தடத்தின் வயது, நிலையங்களுக்கு இடையிலான தூரம், சுரங்கமா மேம்பாலமா, இரவு முழுவதும் ஓடுகிறதா என்பதைப் பக்கத்தில் எழுதுங்கள். இரவிலும் ஓடும் அமைப்புக்குப் பராமரிப்பு நேரம் குறைவாகவே கிடைக்கும். பண எண்களை நாணய மாற்று விகிதத்தில் மாற்றுவதைவிட வாங்கும் சக்தியின் அடிப்படையில், அதாவது அந்தப் பணத்தால் அந்த ஊரில் எவ்வளவு வாங்க முடியும் என்ற கணக்கில், மாற்றுவது நல்லது. நகரங்களை முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசைப்படுத்த வேண்டாம். இரண்டு நகரங்களுக்கு இடையே ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

படி 12: எழுதி வெளியிடுங்கள்

ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே எதை எதால் வகுத்தோம், எந்த நாட்கள், எந்த நேரம், எதை நீக்கினோம் என்று இரண்டு வரி எழுதுங்கள். விடுமுறை வாரத்தையும் சாதாரண வாரத்தையும் கலக்காதீர்கள். மூல விரிதாளை மாற்றாமல் தனியாகப் பத்திரப்படுத்துங்கள், கணக்கெல்லாம் அதன் நகலில் நடக்கட்டும். வெளியிடும் முன் ரயிலை இயக்கும் பிரிவில் ஒருவரிடம் காட்டுங்கள். "அன்று அந்த நிலையத்தில் தண்டவாள வேலை நடந்தது" என்பது போன்ற தகவல் அவர்களிடம்தான் இருக்கும், அது உங்கள் விளக்கத்தையே மாற்றிவிடலாம். அப்புறம் அடுத்த வருடம் அதே வாரங்களில், அதே நிலையங்களில், ஒரு வரையறையையும் மாற்றாமல் மறுபடி அளங்கள்.